ஏர்போர்ட் பக்கத்து முப்பது சென்ட்

கீழ் டிவிஷன், மூணாறு
7.1.2024

தம்பி சுவக்கீனுக்கு, அக்கா கத்தரீனாள் எழுதுவது.

மரியே வாழ்க. நீ நன்றாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

போனில் பேச வேண்டியதை எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்கள் டிவிஷனில் கோயில் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. ஏர்போர்ட் வரும் என்று சொல்லி இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறாயே என்று கிறிஸ்துமஸ் அன்று அங்கே நின்று உன்னிடம் கத்தினேனே, அது பன்னிரண்டு லயத்துக்கும் கேட்டுவிட்டது. மறுநாள் கொழுந்துக்காட்டில் ஒருத்தி, "என்னக்கா, உங்க தம்பி ஏரோப்ளேன் எப்ப இறங்குது?" என்று கேட்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்து வைத்தேன். இனி நம் சண்டை கவருக்குள்ளேயே நடக்கட்டும்.

விஷயம் ஒன்றுதான். வருகிற வருஷம் ஏப்ரலோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. ரிட்டயர் ஆனால் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். சாவி கொடுத்தால்தான் கிராஜுவிட்டி. நீயும் வயசு முடியுமுன்னே ஃபாக்டரி வேலையை விட்டு இப்படி இறங்கிப் போனவன்தான். ஆனால் நீ ஒண்டிக்கட்டை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் ஜிஸ்மியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

சாவியைக் கொடுக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. பிள்ளை பேரைக் கொடுக்க வேண்டும். என் இடத்தில் அவள் வேலைக்கு நின்றால் வீடு நம் கையில் இருக்கும். பக்கத்து வீட்டு டின்டு அப்படித்தான் நின்றாள். பி.ஏ. முடித்த பெண். அம்மா ரிட்டயர் ஆன மறுமாதமே இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, கொழுந்து வெட்டுகிற கத்தரியோடு மலை ஏறினாள். இப்போது அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை.

அம்மா பேருக்கு நான் நின்றேன். என் பேருக்கு ஜிஸ்மி நிற்க மாட்டாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்து, காலம் போன காலத்தில் பெற்ற பிள்ளை அது. அதற்காகத்தான் உன் அத்தான் செத்தபோது வந்த பணத்தை உன் பணத்தோடு சேர்த்து பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் அந்த முப்பது சென்டை வாங்கச் சொன்னேன். வீடு கட்டத்தான் சொன்னேன். பதிவு அன்று எனக்கு லீவு கொடுக்கவில்லை, ஆதாரப் பத்திரம் உன் ஒருத்தன் பேரில் ஆகிவிட்டது. நீ வேறு நான் வேறா என்று அன்றைக்கு நானேதான் சொன்னேன்.

ஒரு அறை. ஒரு அடுப்பு. மேலே ஷீட் போட்டால் போதும். அடுத்த ஏப்ரலுக்குள் கட்டு, தம்பி.

கத்தரீனாள்


முதலமடை
3.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நமக்கு இடம் விற்ற அப்புசாமி அண்ணனின் தோட்டத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன், இங்கே சாளை என்கிறார்கள். அவர் மாந்தோப்புக்குக் காவல் இருக்கிறேன், அதனால் வாடகை இல்லை. சாப்பாட்டுக்கு அவர் சம்சாரம் முத்தாத்தாள் அக்கா ஏதாவது கொடுத்துவிடுகிறார்கள். உன் தம்பி இங்கே மாளிகையில் படுத்துக்கொண்டு உன்னை மறந்துவிட்டான் என்று நினைக்காதே.

அக்கா, உனக்கு இந்த இடத்தின் மதிப்பு தெரியவில்லை. நமக்கு இதை முடித்துத் தந்த புரோக்கர் பினு போன வாரம் வந்தான். போனில் மேப்பைத் திறந்து காட்டினான். ஏர்போர்ட் சுவர் வருகிற இடத்துக்கும் நம் இடத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். "சேட்டா, இது லாங் டெர்ம். கண்ண மூடிட்டு இருங்க. தொடாதீங்க," என்றான். ஓட்டல்காரன், கார் கம்பெனிக்காரன் எல்லாம் சுத்தமான காலி இடத்தைத்தான் கேட்பானாம். உள்ளே ஒரு குச்சு வீடு இருந்தால் விலை பாதியாகிவிடுமாம். நீ சொல்கிற ஷீட் போட்ட அறையைக் கட்டினால், அதை இடிக்கிற கூலியையும் நம் தலையில்தான் கட்டுவான்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். இடத்தில் நின்ற மாமரங்களை ஆள் விட்டு வெட்டிச் சுத்தம் பண்ணிவிட்டேன். இப்போது பார்த்தால் உள்ளங்கை மாதிரி இருக்கிறது. அப்புசாமி அண்ணனுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. "ஏனுங்க சுவக்கீனு, பிஞ்சு புடிச்ச மரத்தைப் போயி யாராச்சும் வெட்டுவாங்களா? பூவுலயே யேவாரி வந்து குத்தகை பேசிட்டுப் போறானுங்க. சும்மா உக்காந்து திங்கலாமுங்க," என்றார். நமக்கென்ன தெரியும்? நம் ஊரில் தேயிலையைக் கவாத்து வெட்டினால் மறுபடி துளிர்த்துக்கொண்டுதானே வரும். மரத்தைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவார்கள் என்று எவன் கண்டான். போகட்டும், மாங்காயா பெரிது?

இன்னொன்று. பெருமாட்டியிலிருந்து சென்னியப்பன் என்று ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்து பாதி இடத்தைக் கேட்டார். நாம் வாங்கினதற்கு மேலேயே தருகிறேன் என்றார். நான் சிரித்து அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷம் பொறு. அதுவரை போடி பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள். இதெல்லாம் யாருக்கு? ஜிஸ்மிக்குத்தானே.

உன் தம்பி
சுவக்கீன்


கீழ் டிவிஷன்
16.6.2024

சுவக்கீனுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் வாயில் வருவதெல்லாம் தாளில் வந்திருக்கும். அதனால்தான் இத்தனை மாதம்.

ஏல, காய்க்கிற மரத்தை வெட்டிவிட்டு உள்ளங்கை மாதிரி இருக்கிறது என்று எனக்கே எழுதுகிறாயே, உனக்குக் கை எப்படி வந்தது? அந்தக் குத்தகையில் ஜிஸ்மியின் ஹாஸ்டல் பீஸ் போயிருக்கும். பினு சொன்னானாம், இவன் செய்தானாம். ஃபாக்டரியில் நோட்டீஸ் போர்டில் எது ஒட்டினாலும் நம்பினாய். இப்போது பினுவின் போனை நம்புகிறாய்.

ஜிஸ்மிக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. போன திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் முழுக்க வாந்தி எடுத்தாள், ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்தாள். ஹாஸ்டல் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "அம்மா, இது எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பதினேழு வயசு வரைக்கும் என் கூடத் தரையில் படுத்த பிள்ளை.

அவள் பீஸும் கட்டி வாடகையும் கட்ட என்னால் ஆகாது. அது உனக்குத் தெரியும், தெரிந்தும் போடியில் வீடு பார் என்கிறாய். சண்டை வேண்டாம். நீ சிரித்து அனுப்பினாயே அந்தப் பெருமாட்டிக்காரர், அவரைத் திரும்பக் கூப்பிடு. பாதியைக் கொடு. மீதிப் பாதியில் ஓர் ஓரமாக அந்த அறையைக் கட்டு. உன் ஏர்போர்ட்டுக்கும் இடம் மிச்சம் இருக்கும். உன் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்.

அக்கா


முதலமடை
9.9.2024

அக்கா,

காலைப் பிடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்னை எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டாய். நான் என்ன குடித்தா அழித்தேன்?

ஒரு அறை, ஒரு அறை என்கிறாய். அந்த ஒரு அறையில்தான் நாம் ஏழு பேர் வளர்ந்தோம். அப்பா செத்த அன்று சவப்பெட்டி வாசலில் திரும்பவில்லை. கதவையும் நிலையையும் பெயர்த்துத்தான் அவரை வெளியே எடுத்தோம். நிலையை உடைத்ததற்கு அம்மாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. நாம் கட்டினால் மானேஜர் பங்களாக்காரன் நின்று பார்க்கிற மாதிரி ஒரு வீடு கட்ட வேண்டும். ஜிஸ்மிக்குத் தனி அறை, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதற்குப் பாதி இடத்தை விற்றால் நடக்காது. முழுசாக, விலை ஏறின பிறகு விற்றால்தான் நடக்கும். நம் ஆட்களுக்கு எப்போதும் பொறுமை கிடையாது. அதனால்தான் லயத்திலேயே கிடக்கிறோம்.

சென்னியப்பன் வேறு இடம் வாங்கிவிட்டார். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

நேற்று அளக்கிறவர்கள் வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அப்புசாமி அண்ணன் என்னிடம், "ஊடு கட்டோணும்னா இப்பவே கட்டிப்போடுங்க. ஏரோப்ளேன் வர்றப்ப வரட்டுமுங்க," என்றார். அவரும் உன் கட்சிதான். நீங்கள் எல்லாரும் ஒரு நாள் என்னைத் தேடி வருவீர்கள்.

சுவக்கீன்


கீழ் டிவிஷன்
14.12.2024

சுவக்கீனுக்கு,

ஏப்ரல் முப்பதோடு வேலை முடிகிறது என்று ஆபீசில் தாள் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் சாவி.

ஜிஸ்மியிடம் மாமா வீடு கட்டுகிறார், கடைக்கால் போட்டாயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் அவளுக்குப் படிப்பு ஏறாது. பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாய். அதை மெய்யாக்க உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வராதே.

கத்தரீனாள்


முதலமடை
11.3.2025

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏர்போர்ட் வந்துவிட்டது. நம் இடத்திலேயே வந்துவிட்டது. அரசாங்க அறிவிப்பு வந்திருக்கிறது, இங்கே விஞ்ஞாபனம் என்கிறார்கள். சர்வே நம்பரெல்லாம் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். சுவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். அப்புசாமி அண்ணன் தோப்பும் நம் முப்பது சென்டும் உள்ளே. இனி விற்க முடியாது. ஒரு கல் வைத்துக் கட்டவும் முடியாது. வில்லேஜ் ஆபீசில் போய்க் கேட்டேன். எடுக்கிற இடத்துக்குப் பணம் வருமாம். எப்போது என்று கேட்டால், கேஸ் நடக்கிறது, வரும்போது வரும் என்கிறார்கள்.

போன புதன்கிழமை ஆபீசர் நேரில் வந்தார். மலையாளி, நல்ல மனுஷன்தான். இடத்தின் நடுவில் நின்று, "இதில் வீடு உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சாரே."

"ஷெட்? கிணறு?"

"இல்ல."

"மரம்?"

அவர் காலடியில் பார்த்தார். வெட்டின அடிக்கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. "இது எல்லாம் மாவு அல்லே? எந்தினா முறிச்சே?" என்றார், மாமரத்தை ஏன் வெட்டினாய் என்று. சுத்தமாக இருக்கட்டும் என்று வெட்டினேன் சார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "காலி" என்று எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

அக்கா, மாமரத்துக்கு மரம் ஒன்றுக்குத் தனி விலை. வீடு இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் மனையும் வீடும் தருகிறார்கள். சின்ன வீடு, ஷீட் போட்ட வீடு என்று பார்ப்பதில்லையாம், அடுப்பு எரிந்தால் போதுமாம். நீ கேட்ட அந்த ஒரு அறையைக் கட்டியிருந்தால் நமக்கு இன்று ஒரு வீடு. நான்தான் தடுத்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன், உன் தலையிலும் போட்டுவிட்டேன்.

பினுவின் போன் சுவிட்ச் ஆஃப்.

ஜிஸ்மியிடம் ஒன்றும் சொல்லாதே. அவள் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதே. நான் பொள்ளாச்சி மண்டியில் மூட்டை தூக்கியாவது மாதம் ஏதாவது அனுப்புகிறேன்.

சுவக்கீன்


கீழ் டிவிஷன்
18.5.2025

சுவக்கீனுக்கு,

நீ மூட்டை தூக்க வேண்டாம். எல்லாம் முடிந்துவிட்டது.

ஜிஸ்மி ஈஸ்டர் லீவுக்கு வந்தாள். வருகிற வழியில் பொள்ளாச்சியில் மூணாறு பஸ் ஏறாமல் முதலமடைக்குப் போயிருக்கிறாள். மாமா கட்டுகிற வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. அன்றைக்கு நீ தோப்பில் மருந்தடிக்கப் போயிருந்தாயாம். முத்தாத்தாள் அக்காதான் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்து, இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா மேல் தப்பில்லை. "உங்க மாமன் சொல்லலீங்களா கண்ணு?" என்றுதான் கேட்டார்களாம். கடைக்கால் எங்கே என்று என் பிள்ளை அந்த அடிக்கட்டைகளுக்கு நடுவில் தேடியிருக்கிறாள். மஞ்சள் பெயின்ட் அடித்த சர்வே கல்லைத்தான் பார்த்தாளாம்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதெல்லாம் பின்னால்தான் சொன்னாள். கோழிக்குழம்பு வைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். நான் உளறிக்கொண்டே இருந்தேன். மாமா சுவர் எழுப்பிவிட்டார், ஷீட் போட வேண்டியதுதான் பாக்கி என்று. "நல்லதும்மா," என்றாள். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

லீவு முடிந்தும் காலேஜுக்குக் கிளம்பவில்லை. வயிற்று வலி, அடுத்த வாரம் போகிறேன் என்றாள். நான் கடைசியாகக் கொழுந்தெடுத்த அன்று மத்தியானம் ஆபீசில் மாலை போட்டுக் கேக் வெட்டினார்கள். முடிந்து வெளியே வந்தால், டின்டுவோடு இவள் ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறாள். கையில் ஆதார் கார்டு. என் இடத்துக்குப் பேரைக் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அவளை அடித்துவிட்டேன், சுவக்கீனு. அவள் பிறந்ததிலிருந்து அடித்ததில்லை. கழுத்தில் அந்த மாலையோடு அடித்தேன்.

அவள் அழவில்லை. "வீடு வேணும்லம்மா," என்று மட்டும் சொன்னாள்.

காலேஜில் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் நாள் காலையில் பிளாஸ்டிக் தாளை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் நின்றாள். நான்தான் கட்டிவிட்டேன். எனக்கு எங்கம்மா கட்டிவிட்டாள், அதே வாசலில். இது நடக்கக் கூடாது என்றுதான் உன் கையில் பணத்தைக் கொடுத்தேன். நீ மூன்று அறை கட்டப் போனாய்.

உன்னை மன்னிக்கச் சொல்லி பங்குச் சாமியார் சொல்கிறார். அவருக்கு வேறு வேலை இல்லை.

கத்தரீனாள்


முதலமடை
8.6.2025

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் போக்கிடம் இல்லாமல் எழுதுகிறேன்.

சாளையை விட்டு இறங்க வேண்டியதாகிவிட்டது. ஆள் குடியிருக்கிற வீட்டைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். அதனால் அப்புசாமி அண்ணன் மகன் தங்கதுரை, பெண்டாட்டி கிருத்திகாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து சாளைக்கே வந்துவிட்டான். "தப்பா நெனைக்காதீங்க," என்று அப்புசாமி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இப்போது கோயில் வராந்தாவில் படுக்கிறேன். மருந்தடித்து மருந்தடித்து நெஞ்சில் இழுப்பு வேறு.

கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா? ஒரு மூலை போதும்.

சுவக்கீன்


கீழ் டிவிஷன்
22.6.2025

சுவக்கீனுக்கு,

வீடு இப்போது ஜிஸ்மி பேரில் இருக்கிறது. ஆபீஸ் புத்தகத்தில் என் பேரை அடித்துவிட்டு அவள் பேரை எழுதிவிட்டார்கள். நானே அவளை அண்டித்தான் இருக்கிறேன். அதனால் உன் விஷயத்தை அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

வேலை விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மாமா வரட்டுமா என்று கேட்கிறான் என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வரட்டும்மா. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாப்பது வருஷம் கெடக்கு. லாங் டெர்ம்தானே? மாமாவ பயப்படாம வரச் சொல்லு."

உன் கடிதங்களை எல்லாம் படித்திருக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை.

வா. அவள் புத்தகப் பெட்டி இருந்த மூலை காலியாகத்தான் இருக்கிறது, அங்கே படுத்துக்கொள். மழை பிடித்துவிட்டது, இழுப்புக்கு மாத்திரையை மறக்காமல் எடுத்து வா. அப்படியே பொள்ளாச்சியில் அவளுக்கு ஒரு ஜோடி கம்பூட் வாங்கி வா. ஏழாம் நம்பர். இப்போது என் பழைய ஜோடியைத்தான் போட்டுப் போகிறாள். அது அவளுக்குச் சின்னது, விரலெல்லாம் புண்ணாகிவிட்டது.

கத்தரீனாள்